கோப்புறையின் ‘காட்சி அமைப்பு’: ‘கோலம்’ என்று சொல்லலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஃபோல்டர் எனும் கோப்புறையைத் திறந்ததும் உள்ளே இருப்பவை பட்டியலாகத் தெரிய வேண்டுமா, சிறுபடங்களாகவா, பெயர் வரிசையிலா, தேதி வரிசையிலா என்று நாம் ஒருமுறை வைத்ததைக் கணினி நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்த மொத்தத்துக்கும் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும் என்று போன வாரம் பேச்சு தொடங்கியது. காட்சி அமைப்பு, தோற்ற அமைவு, பார்வைப் பாங்கு என மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றையும் யோசித்துப் பார்த்தேன். இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் திருவல்லிக்கேணியில் ஒரு டிடிபி கடையில் வேலை செய்கிறேன். பழைய புத்தகங்களை மறுபதிப்புப் போடுகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம் வருவார்கள். புத்தகத்துக்கு ஒரு கோப்புறை, அதற்குள் இயலுக்கு ஒன்று, ஒவ்வொரு இயலுக்குள்ளும் வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்கள், தட்டச்சு, முதல் மெய்ப்பு (ப்ரூஃப்), இரண்டாம் மெய்ப்பு என்று நான்கு. இருபது இயல் உள்ள புத்தகம் வந்தால் நூறு கோப்புறையைத் தாண்டிவிடும். வருடிய பக்கங்களைப் பெரிய சிறுபடங்களாக வைத்துப் பார்த்தால்தான் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எது தலைகீழாக வந்திருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரியும். மெய்ப்புக் கோப்புகளோ தேதி வரிசையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் திருத்திய கோப்பை விட்டுவிட்டுப் பழையதைத் திறந்து, அதிலேயே மறுபடி திருத்த ஆரம்பித்துவிடுவோம். எங்கள் மெய்ப்புத் திருத்துநர் ஐயாவுக்கு எழுபது வயது. அவருக்குக் கோப்பின் பெயரைவிட அது திரையில் இருக்கும் இடம்தான் அடையாளம். மேலே இடது மூலையில் இருப்பதுதான் கடைசியாகத் திருத்தியது என்று பழகியிருந்தார்.

ஒரு நாள் காலையில் அவர் கூப்பிட்டுக் காட்டினார். சிறுபடங்களாக இருந்த கோப்புறை வெறும் பட்டியலாகத் திறந்தது. சரிசெய்து கொடுத்தேன். மறுநாள் வேறொரு கோப்புறை. அதற்கு மறுநாள் இன்னொன்று. நான் ஊருக்குப் போகவேண்டியிருந்ததால், பழுது பார்க்க வருகிறவருக்கு ஒரு சீட்டு எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டுப் போனேன். “கோப்புறை அமைப்பு தினமும் அழிந்துவிடுகிறது. சரிசெய்யவும்.”

திரும்பி வந்து பார்த்தால் ஹார்டு டிஸ்க்கையே மாற்றியிருந்தார்கள். வந்தவர் என் சீட்டைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். கோப்புறைகளின் அமைப்பு, அதாவது எந்தக் கோப்புறைக்குள் எது இருக்கிறது என்ற கட்டுமானமே அழிகிறது என்று புரிந்துகொண்டார். அப்படியென்றால் வட்டு கெட்டுப்போகிறது என்றுதானே நினைப்பார்? பழைய வட்டைப் புதியதில் அச்சு அசலாகப் படியெடுத்து மாட்டிவிட்டார். அப்படி எடுத்ததில், விண்டோஸ் தன் குறிப்புகளை எழுதி வைக்கும் பதிவகமும் (ரெஜிஸ்ட்ரி) அதே நிலையில் வந்துவிட்டது. அடுத்த நாளே கோப்புறைகள் பழையபடி பட்டியலாகத் திறந்தன. முதலாளிக்குப் பணம் போனது. மெய்ப்பு ஐயாவுக்குத் தன் திருத்தங்கள் எல்லாம் அழிந்துவிடுமோ என்று இரண்டு நாள் தூக்கம் இல்லை. அந்தச் சீட்டில் நான் எழுதிய ஒரு சொல்தான் இவ்வளவுக்கும் காரணம்.

அதனால்தான் ‘அமைப்பு’ என்று முடிகிற எந்தச் சொல்லையும் இதற்கு வைக்கக் கூடாது என்கிறேன். சிஸ்டம் என்றால் அமைப்பு. ஸ்ட்ரக்சர் என்றால் அமைப்பு. செட்டிங் என்றால் அமைப்பு. சங்கம், மன்றம் எல்லாமே அமைப்பு. எங்கள் தொழிலில் பக்கத்தைக் கோப்பதையும் பக்க அமைப்பு என்றுதான் சொல்கிறோம். ‘காட்சி’ என்று முன்னால் ஓர் அடைமொழி சேர்த்தாலும், பேசும்போது அது உதிர்ந்துவிடும், அமைப்பு மட்டும் நிற்கும். தொலைபேசியில் “அமைப்பு போயிடுச்சு” என்று ஒருவர் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் என்ன நினைப்பார்? ‘அமைவு’ என்று மாற்றினாலும் இதே கதைதான், ஓர் எழுத்து வித்தியாசம் காதில் நிற்காது. ‘பார்வைப் பாங்கு’ அழகான சொல். ஆனால் பார்வை என்பது பார்க்கிறவனுடைய செயல். இங்கே நாம் பேர் வைப்பது கோப்புறைக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு.

சரி, அந்த ஒன்று என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். பொருள் பிடிபட்டால் சொல் தானாக வரும்.

விண்டோஸில் இந்த நினைவு கோப்புறைக்குள் இருப்பதில்லை. பயனரின் பதிவகத்தில் இருக்கிறது. ‘பேக்ஸ்’ என்று ஒரு கிளை. அதில் எண் போட்ட பைகள். ஒவ்வொரு பையிலும் ஒரு கோப்புறைக்கான விவரம்: சிறுபடமா பட்டியலா, எந்த வரிசை, எந்தெந்தப் பத்திகள், படத்தின் அளவு, குழுவாகப் பிரித்துக் காட்டுவதா வேண்டாமா. பக்கத்தில் ‘பேக்எம்ஆர்யூ’ என்று இன்னொரு கிளை. எந்தக் கோப்புறைக்கு எத்தனையாம் எண் பை என்று சொல்லும் ஏடு அது. எம்ஆர்யூ என்றால் அண்மையில் பயன்படுத்தியவை. பைகளுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி வந்த புதிதில் 400, அப்புறம் 5000 என்று ஆக்கினார்கள். வரம்பு நிரம்பியதும் நெடுநாள் தொடாத கோப்புறையின் பை கழிக்கப்படுகிறது, புதியதற்கு இடம் கிடைக்கிறது. எங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். புத்தகத்துக்கு நூற்றுச் சொச்சம் கோப்புறை என்றால் ஐம்பது புத்தகத்தில் 5000 முடிந்துவிடுகிறது. கணினிக்கு ஒரு நோயும் இல்லை, ஏட்டில் இடம்தான் இல்லை. தினம் ஒரு கோப்புறை மாறியதன் காரணமும் இதுதான். நாங்கள் புதிதாக ஒன்றைத் திறக்க, பழையது ஒன்று வெளியேறியிருக்கிறது.

இதே தொல்லை உள்ளவர்களுக்குப் பயன்படும் என்பதால் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் கரண்ட் யூசர் கிளைக்குள் சாஃப்ட்வேர், கிளாசஸ், லோக்கல் செட்டிங்ஸ், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஷெல் என்று இறங்க வேண்டும். விஸ்டாவுக்குப் பிறகு வந்தவற்றுக்கு இதுதான் வழி, எக்ஸ்பியில் இடம் வேறு. முதல் வேலையாக ஷெல் கிளையை ஏற்றுமதி செய்து பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பேக்ஸ், பேக்எம்ஆர்யூ இரண்டையும் நீக்கிவிட்டு, ‘பேக்எம்ஆர்யூ சைஸ்’ என்ற பெயரில் 32 பிட் டிவேர்டு (எண் பதியும் உருப்படி) ஒன்றை உருவாக்கி 20000 என்று கொடுத்தேன். கொடுக்கும்போது டெசிமல் (பத்தடிமான எண்) என்பதைத் தேர்ந்தெடுக்க மறந்துவிடாதீர்கள். ஹெக்ஸாவில் (பதினாறடிமான எண்ணில்) விட்டுவிட்டு 5000 என்று அடித்தால் அது 20480 ஆகிவிடும். வெளியேறி மறுபடி உள்நுழைந்ததும் எல்லாக் கோப்புறைகளும் விண்டோஸ் தரும் தொடக்க நிலைக்குப் போயிருந்தன. ஒரு கோப்புறையை நமக்கு வேண்டியபடி வைத்து, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ தாவலில் உள்ள ‘அப்ளை டு ஃபோல்டர்ஸ்’ பொத்தானை அழுத்தினால் அதே வகைக் கோப்புறைகள் எல்லாம் அப்படி மாறிவிடுகின்றன. வகை என்பது முக்கியம். பொது, ஆவணம், படம், இசை, காணொலி என்று ஐந்து வகை. படக் கோப்புகள் நிறைய இருந்தால் அதைப் பட வகை என்று விண்டோஸ் தானாகவே முடிவெடுத்துக்கொள்ளும். வரம்பு தாண்டாத கணினியிலும் திடீரென்று தோற்றம் மாறினால் இதைத்தான் அடுத்ததாகப் பார்க்க வேண்டும். கணினியைச் ‘சுத்தம்’ செய்யும் மென்பொருள்கள் சில இந்தப் பைகளையும் தடயம் என்று கருதி அழித்துவிடுகின்றன என்பதையும் கவனியுங்கள்.

இன்னொன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். சாளரம் திரையில் எந்த இடத்தில், என்ன அளவில் திறக்கிறது என்பது வேறு விஷயம். எக்ஸ்பியில் அதையும் ஒவ்வொரு கோப்புறைக்கும் தனித்தனியாக நினைவில் வைத்திருந்தார்கள். விண்டோஸ் 7 வந்தபோது எடுத்துவிட்டார்கள். கடைசியாக மூடிய சாளரம் எங்கே இருந்ததோ அங்கேதான் அடுத்தது திறக்கும். இது போய்விட்டதே என்று தேடுகிறவர் பதிவகத்தில் எவ்வளவு தோண்டினாலும் திரும்பி வராது. ஆக, நாம் உருவாக்கும் சொல் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பக் கூடாது. ‘சாளர அமைப்பு’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். என் பரிந்துரை கோலம்.

எங்கள் கடையிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் பார்த்தசாரதி கோயில். மூலவர் நின்ற கோலம், நரசிம்மர் இருந்த கோலம், ரங்கநாதர் கிடந்த கோலம். ஒரே பெருமாள், மூன்று கோலம். உள்ளே இருப்பது மாறாமல், நமக்குக் காட்சி தரும் விதம் மட்டும் மாறுவதைத் தமிழில் காலம் காலமாகக் கோலம் என்றுதான் சொல்லி வருகிறோம். ஒரே கோப்புகள், பட்டியலாக, சிறுபடமாக, விவரமாகத் தெரிவது இதே மாற்றம்தான்.

வாசல் கோலத்தை நினைத்தாலும் பொருள் குலையாது. உண்மையில் எனக்கு இந்தச் சொல் உறைத்தது அங்கேதான். புள்ளிக் கோலத்தில் புள்ளிகளை வைத்தபிறகு கோட்டை எப்படி இழுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதே புள்ளிகளில் ஒருவர் தாமரை போடுவார், இன்னொருவர் சிக்குக் கோலம் போடுவார். கோப்புகள் புள்ளி என்றால், அவற்றை நாம் சேர்த்துப் பார்க்கும் விதம் கோலம். கோலம் கலைந்தால் என்ன செய்வோம்? மறுபடி போடுவோம். வீடு இடிந்துவிட்டது என்று யாரும் பதறுவதில்லை. “ஐயா, கோப்புறையோட கோலம் கலைஞ்சிருக்கு, அவ்வளவுதான்” என்று அன்றைக்கு நான் சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். பழுது எவ்வளவு சின்னது என்பதையும் சேர்த்தே இந்தச் சொல் சொல்லிவிடுகிறது. வினைகளைத் தேடி அலையவும் வேண்டாம். கோலம் போடு, கோலம் மாற்று, கோலம் கலை. சிதறிக் கிடக்கும் சாளரத்தைச் சொல்ல அலங்கோலம் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் எழலாம். கோலம் என்றால் அரிசி மாவுதான் நினைவுக்கு வரும் என்பது ஒன்று. வரட்டுமே. கோப்பு, சாளரம், பை எல்லாம் வீட்டிலிருந்து வந்த சொற்கள்தானே? கணினிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சாளரம் என்று சொல்லும்போது இன்று யாருக்கும் காற்று நினைவுக்கு வருவதில்லை. இன்னொன்று, இது ஒரு சமயத்துச் சொல்லாக ஆகிவிடாதா என்ற கேள்வி. நான் கோயிலை எடுத்துக்காட்டாகச் சொன்னதால் அந்தக் கவலை இன்னும் கூடலாம். ஆனால் மணக்கோலம், போர்க்கோலம், மாறுகோலம் எல்லாம் எல்லார் பேச்சிலும் உள்ளவை. தலை கலைந்து வந்த பிள்ளையை “என்ன கோலம் இது?” என்று கேட்காத அம்மா எந்த மதத்தில் இருக்கிறார்? இலங்கையில் சிங்களவர்கள் முகமூடி அணிந்து ஆடும் நாட்டுப்புற நாடகத்துக்கே கோலம் என்றுதான் பெயர். வேடம், தோற்றம் என்ற பொருளில் இந்தச் சொல் தமிழுக்கு வெளியிலும் புழங்குகிறது. யாழ்ப்பாணத்து நண்பர்கள் தங்கள் பக்கத்து வழக்கை எழுதினால் நல்லது.

சொல் வேறு இயங்குதளங்களுக்கும் பொருந்த வேண்டும் என்று ஒரு அன்பர் கேட்டிருந்தார். பொருந்துகிறது. மேக் கணினியில் கோலம் பெரும்பாலும் அந்தந்தக் கோப்புறைக்குள்ளேயே ‘.டிஎஸ் ஸ்டோர்’ என்ற மறைகோப்பாக இருக்கிறது. மேக்கில் வேலை செய்யும் ஓவியர்களின் பென்டிரைவை எங்கள் கணினியில் செருகினால் இந்தக் கோப்புகள் வெளியே தெரியும், வைரஸ் என்று பயந்து கேட்பவர்கள் உண்டு. அது அந்தக் கோப்புறையின் கோலம் எழுதியிருக்கும் சீட்டு என்று சொல்லிவிடலாம். லினக்ஸில் கேடிஈ என்ற திரைச்சூழலின் கோப்பு மேலாளரான டால்ஃபின், எல்லாக் கோப்புறைக்கும் ஒரே கோலமா, ஒவ்வொன்றுக்கும் தனிக் கோலமா என்று நம்மையே கேட்கிறது. மேக்கில் கோலம் கோப்புறையோடு போகிறது, விண்டோஸில் பயனரோடு தங்குகிறது. இந்த வேறுபாட்டை ஒரே வரியில் சொல்ல முடிகிறது பாருங்கள். ‘காட்சி அமைப்பு’ வைத்து இந்த வரியை எழுதிப் பார்த்தேன், இரண்டு முறை படித்தால்தான் புரிந்தது.

மெனுவிலும் பொத்தானிலும் வரும் நடைமுறை வாசகங்களாகவும் சோதித்தேன். “ஒவ்வொரு கோப்புறையின் கோலத்தையும் நினைவில் கொள்.” “இந்தக் கோலத்தை எல்லாக் கோப்புறைகளுக்கும் இடு.” “தொடக்கக் கோலத்துக்குத் திரும்பு.” பொத்தானுக்குள் அடங்குகின்றன. பட்டியல் கோலம், சிறுபடக் கோலம், விவரக் கோலம் என்று பிரித்து எழுதலாம். பட்டியற்கோலம் என்று புணர்த்தி எழுத இலக்கணம் இடம் தருகிறது, ஆனால் மெனுவில் அவசரமாகப் படிப்பவருக்குப் பிரித்து எழுதுவதே வசதி என்பது என் கருத்து. பதிவகத்தின் அந்த 5000-க்குக் கோல வரம்பு. தீம் என்பதற்குக் கோலம் வேண்டாம். அது முழுத் திரைக்கும் பொதுவானது, தோற்றக்கரு என்றே இருக்கட்டும்.

சாளரத்தின் இடமும் அளவும் சேர்ந்ததற்கு மட்டும் எனக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. ‘நிலை’ என்றால் ஸ்டேட்டஸ், லெவல் எல்லாவற்றோடும் மோதுகிறது. ‘கிடப்பு’ என்று யோசித்தேன், கிடப்பில் போட்ட வேலைதான் ஞாபகத்துக்கு வருகிறது. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். அதுவரை ‘இடமும் அளவும்’ என்று விரித்தே எழுதிக்கொள்ளலாம்.

மெய்ப்பு ஐயாவிடம் இந்தச் சொல்லை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, பேச்சில் ஓரிரு முறை பயன்படுத்தினேன், அவ்வளவுதான். நேற்று மாலை விளக்கை அணைக்கும் முன் கூப்பிட்டார். “தம்பி, மூணாம் இயல்ல கோலத்தை மாத்திட்டேன், நாளைக்கும் அப்படியே இருக்குமில்ல?” என்றார். இருக்கும் ஐயா என்றேன். இன்று காலையில் திறந்து பார்த்தோம், இருந்தது.

அன்புடன்,
திருவல்லிக்கேணியிலிருந்து