நாகப்பட்டினம் வட்டாரக் கோயில்கள்: சென்று வந்தவர்களின் வழிகாட்டுதல் வேண்டும்

அன்பர்களுக்குப் பினாங்கிலிருந்து வணக்கம். 76 வயதான என் அம்மாவை வரும் தை மாதம் நாகப்பட்டினத்திற்கு அழைத்துச் செல்ல இருக்கிறேன். தாத்தா அங்கிருந்துதான் ரஜூலா கப்பலேறி இங்கே வந்தார். புறப்படுமுன் சிக்கல் சிங்காரவேலருக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் முடிந்த ஓரணாக் காசு, துணி இற்றுப்போன பின்னும், அம்மாவின் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அதைச் செலுத்துவதே பயணத்தின் முதல் நோக்கம்.

அத்துடன் நாகை நீலாயதாட்சி அம்மன் கோயில், 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான சௌந்தரராஜப் பெருமாள் கோயில், 1962இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட வேளாங்கண்ணி ஆலயம் ஆகியவற்றையும் தரிசிக்க விரும்புகிறோம். இங்கே பினாங்கின் சூலியா தெருவிலுள்ள நாகூர் தர்காவைக் கடந்தே பள்ளிக்குச் சென்ற அம்மாவுக்கு, நாகூரில் ஐந்து மினாராக்கள் கொண்ட மூல தர்காவைப் பார்த்தே ஆக வேண்டுமாம்.

சிக்கல் மாடக்கோயில் என்பதால் படிகள்தாம் என் கவலை. முழங்கால் வலியுள்ளவர் ஏறிவிட முடியுமா, சக்கர நாற்காலிக்கு வேறு வழி உண்டா? நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால், நாகையிலேயே தங்கினால் இரண்டு நாள் போதுமா? பழைய நேர்த்திக் காசை உண்டியலில் சேர்த்துவிடலாமா, குருக்களிடம் கொடுத்து அர்ச்சனை செய்வதுதான் முறையா என்பதையும் அறிந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.