பழைய 12 வோல்ட் டிரில்லின் நிக்கல்-காட்மியம் பேட்டரிக்கு எந்தச் சார்ஜர் பொருந்தும்?

கேள்வி: உளிக்காரன்

வணக்கம். என் தந்தையார் தச்சு வேலைக்குப் பயன்படுத்திய கம்பியில்லா டிரில் ஒன்று மூன்று ஆண்டுகளாகப் பரணில் கிடந்தது. அதன் பேட்டரியில் "நிக்கல்-காட்மியம், 12 வோல்ட், 1300 மில்லி ஆம்பியர் மணி" என்று அச்சிட்டிருக்கிறது. உடன் வந்த சார்ஜரின் கம்பியை எலி கடித்து, உள்ளேயும் ஏதோ கருகிவிட்டது. இப்போது என்னிடம் வைஃபை ரௌட்டருக்கான 12 வோல்ட் அடாப்டர், இருசக்கர வாகன பேட்டரியின் சார்ஜர், புதிதாக வாங்கிய லித்தியம் டிரில்லின் சார்ஜர் ஆகிய மூன்றும் இருக்கின்றன. மூன்றிலும் 12 வோல்ட் என்றே எழுதியிருப்பதால், இவற்றுள் ஒன்றைப் பயன்படுத்தலாமா?

மறுமொழி: பழுதுப்பெட்டி

மூன்றும் வேண்டாம். உங்கள் பேட்டரிக்குள் 1.2 வோல்ட் செல்கள் பத்து வரிசையாக இணைக்கப்பட்டுள்ளன. மின்னேற்றத்தின் முடிவில் ஒவ்வொரு செல்லும் ஏறத்தாழ 1.45 வோல்ட் வரை உயரும் என்பதால், முழுத் தொகுப்புக்கும் 14.5 வோல்ட் தேவைப்படும். ரௌட்டர் அடாப்டரால் அந்த உயரத்தை எட்ட முடியாது. லித்தியம் சார்ஜர் பெரும்பாலும் 12.6 வோல்ட்டிலேயே நின்றுவிடும். வாகன சார்ஜர்தான் உண்மையில் அபாயமானது. ஏனெனில் அது எட்டிவிடும்.

வாகனத்திலுள்ள ஈய-அமில பேட்டரிக்கு மின்னழுத்தத்தை ஒரே அளவில் பிடித்துவைத்தால் போதும். நிரம்ப நிரம்ப மின்னோட்டம் தானாகக் குறையும். நிக்கல்-காட்மியத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. செல் நிரம்பியதும் நேர்மின்வாயில் ஆக்சிஜன் உருவாகி, மறுபுறத்துக் காட்மியத்துடன் சேர்ந்து வெப்பத்தை வெளிவிடுகிறது. செல் சூடாகும்போது அதன் மின்னழுத்தம் சற்றே இறங்குகிறது. வெளியிலுள்ள மின்னழுத்தம் மாறாமல் நிற்பதால் மின்னோட்டம் மேலும் கூடுகிறது. அதனால் சூடும் மேலும் கூடுகிறது. இந்தச் சுழற்சியை நிறுத்த ஆளில்லாவிட்டால் செல்லின் பாதுகாப்புத் துளை திறந்து காரக் கரைசல் வெளியே வரும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 1.3 ஆம்பியரில் விரைவாக மின்னேற்றும்போது, நிரம்பிய பிறகு உள்ளே செல்லும் ஏறத்தாழ 19 வாட்டும் வெப்பமாகவே மாறும். சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றைக் கைப்பிடிக்குள் அடைத்துவைத்தது போன்ற நிலை அது. ஆகவேதான் தரமான விரைவு சார்ஜர்கள் அந்தச் சிறு மின்னழுத்த இறக்கத்தை (செல் ஒன்றுக்கு 10 முதல் 20 மில்லிவோல்ட்) கவனித்து நிறுத்துகின்றன. கூடவே வெப்பநிலையையும் பார்க்கின்றன. உங்கள் பேட்டரியில் மூன்றாவதாக ஒரு முனை இருந்தால், அது பெரும்பாலும் வெப்ப உணரிக்கானது. அதைத் துண்டித்துவிட்டு மின்னேற்றாதீர்கள்.

மறுமொழி: ஓம்விதி

மேலே சொன்னவை சரி. பொருந்தும் சார்ஜர் கிடைக்கும் வரை மெதுவான வழி ஒன்று உண்டு. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தை, அதாவது 130 மில்லி ஆம்பியரை, 14 முதல் 16 மணி நேரம் கொடுக்கலாம். அந்த வேகத்தில் உருவாகும் ஆக்சிஜனைச் செல்லே உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், ஓரிரு மணி நேரம் கூடினாலும் கேடில்லை. 24 வோல்ட் டிசி அடாப்டருடன் 82 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வரிசையில் இணைத்தால், முடிவில் ஏறத்தாழ 116 மில்லி ஆம்பியர் பாயும். தொடக்கத்தில் பேட்டரி 11 வோல்ட்டில் இருக்கும்போது 159 வரை போகும், அது பரவாயில்லை. ரெசிஸ்டர் நன்றாகச் சுடும், ஆகவே மரத்தூளுக்கு அருகில் வைக்காதீர்கள். நேரக்கணக்குக்கு டைமர் ஒன்றை மாட்டிவிடுங்கள். தானாக நிறுத்தும் அறிவு இந்த அமைப்புக்குக் கிடையாது.

தகரக் கூரைக்கு அடியில், பிற்பகல் வெயிலில் செய்ய வேண்டாம். செல் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மின்னேற்றத்தை முழுதாக ஏற்காது. வேலை முடிந்த கையோடு சூடான பேட்டரியையும் மாட்டாமல், ஆறவிட்டு மாட்டுங்கள்.

மறுமொழி: நெடுநாள்வாசகன்

ஒவ்வொரு முறையும் டிரில் அடியோடு நிற்கும் வரை ஓட்டிவிட்டுத்தான் மின்னேற்ற வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரிக்கு "நினைவு" பிடித்துவிடும் என்பார்களே?

மறுமொழி: பழுதுப்பெட்டி

பாதிதான் உண்மை. எப்போதும் சிறிதளவே பயன்படுத்தி மின்னேற்றிக்கொண்டிருந்தால் மின்னழுத்தம் சோர்வது உண்டு. சில மாதங்களுக்கு ஒருமுறை 10 வோல்ட் வரை, அதாவது செல்லுக்கு 1 வோல்ட் வரை, இறக்கினால் அது சரியாகும். அதற்குக் கீழே இழுத்தால் பத்தில் வலுக்குறைந்த செல் முதலில் காலியாகி, மற்ற ஒன்பதும் அதைத் தலைகீழாக மின்னேற்றிவிடும். டிரில்லின் வேகம் தளர்ந்ததுமே விசையை விட்டுவிடுங்கள்.

உளிக்காரன்

ஓம்விதி சொன்னவாறே 16 மணி நேரம் மின்னேற்றினேன். கை பொறுக்கும் சூட்டைத் தாண்டவில்லை. உறையைத் திறந்து அளந்தபோது ஒன்பது செல்கள் 1.3 வோல்ட்டுக்கு மேல் காட்டுகின்றன. ஒன்று மட்டும் 0.02 வோல்ட். அதன் விளிம்பில் வெண்பொடி படிந்திருக்கிறது. ஒரு கணம் அதிக மின்னோட்டம் கொடுத்து உயிர்ப்பிக்கலாம் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார்.

மறுமொழி: ஓம்விதி

செய்ய வேண்டாம். காட்மியம் மயிரிழைபோல் வளர்ந்து உள்ளே குறுக்கிணைப்பை (ஷார்ட்) உண்டாக்கியிருக்கலாம். அந்த அதிர்ச்சியில் இழை எரிந்து செல் எழுந்தாலும், இரு மின்வாய்களையும் பிரிக்கும் தடுப்புத் தாளில் விழுந்த ஓட்டை அப்படியே இருக்கும், சில நாள்களில் மீண்டும் படுத்துவிடும். அந்த வெண்பொடி கசிந்த காரம் காற்றுப்பட்டு உறைந்தது. கையுறை அணிந்து துடையுங்கள். அதே உருவமும் அதே கொள்ளளவும் கொண்ட, தகட்டுக்கால் பற்றவைத்த செல்லாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் செல்லின் மேல் நேராகச் சால்டர் வைத்தால் அதன் அடைப்பு உருகிவிடும். காட்மியம் நச்சு உலோகம் என்பதால், கழற்றிய செல்லை மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். புதியதை மாற்றியபின் முதல் மின்னேற்றத்தையும் இதே ரெசிஸ்டர் வழியாக 16 மணி நேரம் செய்யுங்கள்; அப்போதுதான் பழைய ஒன்பதும் புதிய ஒன்றும் ஒரே மட்டத்துக்கு வரும்.