ஜெர்மனியில் படிக்க வருவோருக்கு: அக்டோபரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நண்பர்களுக்கும், இந்த ஆண்டு புறப்பட ஆயத்தமாகும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம். ஜெர்மனியில் முதுநிலைப் படிப்புக்கு வர விரும்புவோர் என்னிடம் முதலில் கேட்பது எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்பதைத்தான். எந்த மாதத்தில் எதைத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். இடம் கிடைத்தும் வந்து சேர முடியாமல் போனவர்கள் சிலரை நான் அறிவேன். அவர்களுக்கு மதிப்பெண் குறையவில்லை, பணமும் எப்படியோ புரண்டுவிட்டது, நாள்தான் போதவில்லை.

குளிர்காலப் பருவம் எனப்படும் செமஸ்டர் அக்டோபர் 1ஆம் தேதி தொடங்குகிறது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் வகுப்புகள் அக்டோபர் நடுவிலும், செயல்முறைக் கல்விக்கான உயர்கல்வி நிலையங்களில் செப்டம்பர் இறுதியிலேயேகூடவும் ஆரம்பித்துவிடும். அந்தத் தேதியைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். விசா கைக்கு வரப் பல வாரங்கள் ஆகும், சில ஆண்டுகளில் மூன்று மாதம் வரைகூட இழுக்கும். ஆகவே ஜூன் மாதத்திலேயே விசா விண்ணப்பம் முழுமையாக இருக்க வேண்டும். அப்படியானால் மே மாத இறுதிக்குள் அனுமதிக் கடிதமும் பணத்துக்கான சான்றும் வந்திருக்க வேண்டும். ஜூலை 15 என்ற பொதுவான கடைசி நாளை நம்பி விண்ணப்பிப்பவருக்கு ஆகஸ்டில் கடிதம் வரும், அதன்பிறகு அக்டோபருக்குள் விசா பெறுவது குதிரைக்கொம்புதான். மார்ச், ஏப்ரல், மே மாதங்களிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும் படிப்புகள் ஏராளம் உள்ளன. இந்தியாவிலிருந்து வருவோர் அவற்றையே முதலில் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதாவது, அடுத்த அக்டோபருக்கான வேலை இந்த அக்டோபரிலேயே தொடங்குகிறது.

முதல் வேலை ஏ.பி.எஸ். சான்றிதழ். 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்களுக்கு இது கட்டாயம். டெல்லியில் உள்ள ஏ.பி.எஸ். என்ற கல்விச் சான்று மதிப்பீட்டு அலுவலகம் உங்கள் மதிப்பெண் பட்டியல்களைச் சரிபார்த்துத் தரும் சான்று இது. கட்டணம் 18,000 ரூபாய். கல்லூரியின் கடைசி ஆண்டில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம் என்பதால், பட்டம் கைக்கு வரட்டும் என்று காத்திருந்து ஆறு மாதத்தைக் கரைக்க வேண்டாம். உதவித்தொகையுடன் வருவோர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா என்பதை அவர்களின் இணையதளத்தில் நீங்களே படித்துப் பாருங்கள்.

ஏ.பி.எஸ்.ஸுக்கு அனுப்பும் முன் நம்மவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது பெயர். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாமல் தலைப்பெழுத்தோடு வளர்ந்தவர்கள் நாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கவிதா எஸ்.', கல்லூரிப் பட்டியலில் 'எஸ். கவிதா', பாஸ்போர்ட்டில் 'கவிதா சுப்பிரமணியன்', ஆதாரில் வெறும் 'கவிதா' என்று ஒரே பெண் நான்கு பெயர்களில் இருப்பாள். நம் ஊரில் இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஜெர்மனியில் ஒவ்வொரு படிவமும் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களை நிரப்பச் சொல்லும். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே இருந்தது. நான் வந்து சேர்ந்தபோது வங்கி ஒருவிதமாகவும் காப்பீட்டு நிறுவனம் வேறுவிதமாகவும் என் பெயரைப் பதிந்துகொண்டன. அறையில் என்னோடு தங்கியிருந்தவர் தபால் பெட்டியில் மூன்றாவது விதமாக எழுதி ஒட்டியிருந்தார். இங்கே தபால்காரர் அறை எண்ணைத் தேடுவதில்லை, பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரைத்தான் பார்ப்பார். என் காப்பீட்டு அட்டை இரண்டு முறை திரும்பிப் போனது. மூன்றாவது வாரம்தான் காரணம் புரிந்து, ஒரு துண்டுத் தாளில் அந்த மூன்று பெயர்களையும் எழுதிப் பெட்டியில் ஒட்டினேன்.

ஆகவே பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், தந்தையின் பெயரையோ நீங்கள் விரும்பும் பெயரையோ அதில் சேர்த்து, வேறு எந்த விண்ணப்பமும் அனுப்புவதற்கு முன்பே மறுவெளியீடு பெற்றுவிடுங்கள். ஏ.பி.எஸ். ஒரு பெயரிலும் பாஸ்போர்ட் வேறொரு பெயரிலும் வந்தபிறகு திருத்துவது பெரும்பாடு. மதிப்பெண் பட்டியலில் உள்ளவரும் பாஸ்போர்ட்டில் உள்ளவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்து, அதன் இரண்டு மூலப் பிரதிகளையும் கையோடு கொண்டு வாருங்கள்.

அடுத்தது மதிப்பெண். உங்கள் சி.ஜி.பி.ஏ.வை ஜெர்மன் அளவுக்கு மாற்ற, பவேரியச் சூத்திரம் என்று சொல்லப்படும் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். அதிகபட்சப் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிப் புள்ளிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1ஐக் கூட்ட வேண்டும். 10க்கு 8.2 எடுத்தவரின் பல்கலைக்கழகத்தில் தேர்ச்சிப் புள்ளி 5 என்றால் விடை 2.08, தேர்ச்சிப் புள்ளி 6 என்றால் 2.35. இந்த அளவில் எண் குறையக் குறையத்தான் நல்லது. 2.5க்குள் இருக்க வேண்டும் என்று பல படிப்புகள் கேட்பதால், தேர்ச்சிப் புள்ளி எது என்று உங்கள் கல்லூரியின் தேர்வுத் துறையிடம் எழுத்தில் வாங்கி வைத்திருப்பது வீண்போகாது. வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பங்களைப் பல்கலைக்கழகங்களுக்காகச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் என்ற அமைப்பின் வழியாகவே பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பம் ஏற்கின்றன. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. பரிசீலனைக்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் சில வாரங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனிப் பணம். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பருவத்துக்கு 100 முதல் 400 யூரோ வரையிலான பங்களிப்புத் தொகை மட்டும் உண்டு. ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து பருவத்துக்கு 1,500 யூரோ செலுத்துகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவம் முதல் புதிதாகச் சேரும் முதுநிலை மாணவர்களிடம் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. 'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்று யாராவது சொன்னால், எந்த மாநிலத்தில், எந்தப் பல்கலைக்கழகத்தில் என்று கேளுங்கள்.

கட்டணம் இல்லாவிட்டாலும் வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதை நீங்கள் காட்டியாக வேண்டும். அதற்குத்தான் பிளாக்டு அக்கவுன்ட், அதாவது மாதத்துக்கு இவ்வளவு என்று மட்டுமே பணம் எடுக்க முடிகிற முடக்கப்பட்ட கணக்கு. 2024 செப்டம்பர் முதல் மாதத்துக்கு 992 யூரோ வீதம் ஓராண்டுக்கு 11,904 யூரோ இந்தக் கணக்கில் இருக்க வேண்டும். யூரோ ஒன்று 100 ரூபாய் என்று கொண்டால் இது 11,90,400 ரூபாய். இது உங்கள் பணம்தான். வந்து சேர்ந்தபின் மாதாமாதம் உங்களுக்கே திரும்பி வரும், விசா மறுக்கப்பட்டாலும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்தத் தொகையை ஒரே நாளில் அனுப்புவதற்குத்தான் நம் வீடுகளில் மூச்சு முட்டுகிறது.

கல்விக்கடன் வாங்கப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவும் நானும் அனுமதிக் கடிதத்தோடு வங்கிக் கிளைக்குப் போனோம். மேலாளர் கடிதத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "ஃபீஸே இல்லாத படிப்புக்கு லோன் எதுக்கு சார்?" என்று அப்பாவைக் கேட்டார். அவர் மீது தவறில்லை; பல்கலைக்கழகத்தின் கணக்குக்குக் கட்டணம் அனுப்பித்தான் அவருக்குப் பழக்கம், மாணவர் பெயரில் வெளிநாட்டில் இருக்கும் கணக்குக்கு மொத்தச் செலவையும் அனுப்பும் முறை அந்தக் கிளைக்குப் புதிது. தூதரகம் வெளியிட்டிருக்கும் ஆவணப் பட்டியலை அச்சடித்து எடுத்துக்கொண்டு மறுபடி போனபிறகே கோப்பு நகர்ந்தது. அடமானம் வைக்க வேண்டிய அளவுக்குத் தொகை போனால், மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் போகும். பட்டா தாத்தாவின் பெயரிலேயே இருந்தால் பெயர் மாற்றத்துக்குத் தனியாக நாள் வேண்டும். அனுமதிக் கடிதம் வந்தபின் இதைத் தொடங்குவது தாமதம். சொத்துப் பத்திரங்களை ஜனவரியிலேயே ஒழுங்குபடுத்தி வையுங்கள் என்று உங்கள் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

சொந்தப் பணத்தை அனுப்புவோர், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் வெளிநாட்டுக்குப் போகும் தொகைக்கு வங்கி முன்கூட்டியே வரி பிடிக்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும். யாருடைய பான் எண்ணில் பணம் போகிறதோ அவர் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைச் சரிசெய்துகொள்ளலாம். வழியில் உள்ள வங்கிகளும் கட்டணம் பிடிக்கும். என் கணக்கில் சில யூரோக்கள் குறைந்து சேர்ந்ததால் உறுதிச் சான்று வராமல் நின்றுவிட்டது. அந்தச் சில யூரோக்களை மறுபடி அனுப்பி முடிக்க ஒன்பது நாள் ஆனது. 100 யூரோ கூடுதலாக அனுப்புங்கள், அது உங்களுக்கே திரும்பி வரும்.

இங்கே உறவினர் இருந்தால், அவர் தம் ஊரின் வெளிநாட்டினர் அலுவலகத்தில் உங்கள் செலவுக்குப் பொறுப்பேற்று எழுதித் தரும் உறுதிமொழியையும் பிளாக்டு அக்கவுன்ட்டுக்கு மாற்றாகக் காட்டலாம். 1980களில் ஈழத்திலிருந்து வந்து வேரூன்றிய குடும்பங்கள் இங்கே நிறைய உள்ளன, அவர்களோடு உறவோ நெருக்கமோ உள்ளவர்கள் நம்மிலும் உண்டு. ஆனால் அரசு உங்களுக்காகச் செலவழிக்க நேர்ந்தால் அந்தத் தொகையை அவரிடமே வசூலிக்கும் என்பதை அவரும் நீங்களும் உணர்ந்த பிறகே கேளுங்கள்.

விசா விண்ணப்பத்தை இப்போது ஜெர்மனியின் தூதரகச் சேவை இணையதளத்தில் பதிவேற்றலாம். அவர்கள் சரிபார்த்தபின் சென்னையில் நேரில் வருவதற்கான நாள் கிடைக்கும். கட்டணம் 75 யூரோ. 2025 ஜூலை 1 முதல், மறுக்கப்பட்டால் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் வழி நீக்கப்பட்டுவிட்டது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையேல் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும். ஆகவே முதல் விண்ணப்பத்திலேயே எல்லாம் சரியாக இருக்க வேண்டும். குறிப்பாக நோக்கக் கடிதத்தை நீங்களே எழுதுங்கள். உங்கள் இளநிலைப் பாடங்களில் எது இந்தப் படிப்புக்கு அடிப்படை, ஏன் இந்தப் படிப்பு, முடித்தபின் என்ன என்பதை உங்கள் வாயால் சொல்ல முடியாவிட்டால், வேறொருவர் எழுதிய அழகான கடிதம் உங்களைக் காப்பாற்றாது.

முகவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக முகவருக்குத் தரகு கொடுப்பதில்லை. சில தனியார் நிறுவனங்கள் கொடுக்கின்றன. அதனால்தான் நல்ல மதிப்பெண் உள்ள பிள்ளைகளைக்கூட ஆண்டுக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல் கட்டணம் கேட்கும் இடங்களுக்குத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு, ஏனென்றால் அந்தக் கடனை அடைக்கும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். டி.ஏ.ஏ.டி. என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் இணையதளத்தில் படிப்புகளை மொழி, கட்டணம், கடைசி நாள் வாரியாக இலவசமாகத் தேடலாம். ஒரு வாரம் உட்கார்ந்து நீங்களே தேடுங்கள்.

வந்து இறங்கியபின் முதல் இரண்டு வாரங்கள் நெருக்கமானவை. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்று இதைச் சொல்வார்கள். வீட்டு உரிமையாளரின் கையெழுத்திட்ட உறுதிப் படிவம் இல்லாமல் பதிய முடியாது, அந்தப் பதிவு இல்லாமல் மற்ற வேலைகள் ஒவ்வொன்றாகத் தேங்கும். வைப்புத்தொகையாக அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. உள்ளூர் வங்கிக் கணக்கு திறக்கும்வரை பிளாக்டு அக்கவுன்ட்டிலிருந்து பணம் வராது. எனவே 11,904 யூரோ போகத் தனியாக 1,500 முதல் 2,000 யூரோ வரை கையில் இருக்க வேண்டும். வீட்டைப் பார்க்காமல், சாவி வாங்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். மாணவர் விடுதிக்கு அனுமதிக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். பெரிய நகரங்களில் காத்திருப்பு நீளமானது. 30 வயதுக்கு உட்பட்டோருக்கு அரசு சார்ந்த மருத்துவக் காப்பீடு மாணவர் கட்டணத்தில், மாதம் ஏறத்தாழ 150 யூரோவுக்குக் கிடைக்கும்.

பகுதிநேர வேலையை நம்பி முதல் ஆண்டைத் திட்டமிட வேண்டாம். சட்டப்படி ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம், 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலியும் மணிக்கு 13.90 யூரோ. ஆனால் ஜெர்மன் பேசாதவருக்கு முதல் வேலை கிடைக்க மாதங்கள் ஆகலாம், அதற்குள் முதல் தேர்வுகள் வந்துவிடும். விசாவுக்குக் காத்திருக்கும் அந்த வாரங்களிலேயே ஜெர்மன் மொழியின் தொடக்க நிலைகளான ஏ1, ஏ2 இரண்டையும் படித்துவிட்டு வாருங்கள்.

விசா என்பது நுழைவதற்கு மட்டுமே. அது முடிவதற்குள் வெளிநாட்டினர் அலுவலகத்தில் தங்கும் அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அங்கே நாள் கிடைக்கவே பல வாரங்கள் ஆகும் நகரங்கள் உண்டு. முகவரி பதிந்த மறுநாளே அந்த விண்ணப்பத்தை அனுப்புங்கள். அட்டையைப் புதுப்பிக்கும்போது இரண்டாம் ஆண்டுக்கும் பணம் இருப்பதை மறுபடி காட்டச் சொல்வார்கள். முதல் ஆண்டுத் தொகையோடு கடன் முடிந்துவிட்டவர்கள் திணறுவது அப்போதுதான். ஆகவே வங்கியில் கடன் கேட்கும் நாளிலேயே இரண்டு ஆண்டுகளுக்கான தொகையைக் கேட்டு, இரண்டாம் தவணையை அடுத்த ஆண்டு விடுவிக்கும்படி எழுதி வாங்குங்கள். அட்டை முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே அந்தத் தவணையைக் கேட்டு அப்பாவைக் கிளைக்கு அனுப்புங்கள்.