பழைய ஜப்பானிய அனிமேஷன் குறும்படங்கள்: ஜப்பானிய மொழி அறிந்தவர்களின் உதவி தேவை

குழுவிலுள்ள நண்பர்களுக்கு வணக்கம். ஜப்பானின் தொடக்ககால அனிமேஷன் குறும்படங்கள் நாட்டார் கதைகளையும் சித்திரக்கதைகளையும் எவ்வாறு எடுத்தாண்டன என்பது குறித்துத் தமிழில் ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். கடலடி அரண்மனைக்குச் சென்ற மீனவனின் கதையான ‘உராஷிமா தாரோ’வைக் கிதயாமா செய்தரோ 1918இல் படமாக்கினார். அக்காலப் படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. 1923ஆம் ஆண்டின் கான்தோ நிலநடுக்கமும் அதற்கு ஒரு காரணம்.

என் மனத்தை மிகவும் கவர்ந்தவை முராத்தா யசுஜியின் படங்கள். பூதங்களின் நடுவே நடனமாடித் தன் கன்னத்துக் கட்டியிலிருந்து விடுபடும் முதியவரின் கதையை, காகிதத்தில் வெட்டிய உருவங்களைச் சிறிது சிறிதாக நகர்த்தி, 1929இல் அவர் உருவாக்கிய நேர்த்தி இன்றும் வியக்க வைக்கிறது. தகவா சுய்ஹோ 1931இல் தொடங்கிய ‘நொராகுரோ’ என்னும் படைவீர நாயின் சித்திரக்கதையையும் முராத்தா பின்னர் திரைக்குக் கொண்டுவந்தார்.

மௌனப் படங்களில் இடையிடையே வரும் எழுத்து அட்டைகள் போருக்கு முந்தைய எழுத்துமுறையில் இருப்பதால், அவற்றைப் படித்துப் பொருள் சொல்லக்கூடியவர்கள் உதவினால் பேருதவியாக இருக்கும். திரையருகே நின்று கதை சொன்ன ‘பென்ஷி’ கலைஞர்களின் விவரிப்போடு இப்படங்களைப் பார்த்தவர்கள் இருந்தால், அந்த அனுபவத்தையும் விரிவாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.