உதயகிரிக் கோட்டைக்குக் குழந்தைகளோடு போய் வந்தவர்களின் அனுபவம்

போன அரையாண்டு விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் போனோம். மூட்டு வலியுள்ள என் மாமியாரும் எட்டு வயது மகளும் அதில் சேர்த்தி. இருவருமே சிரமமில்லாமல் நடந்தார்கள்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சாலையில் தக்கலைக்குச் சற்று முன்னால் புலியூர்க்குறிச்சியில் இறங்கினால் கோட்டை மதில் கண்ணெதிரே தெரியும். வனத்துறை இதைப் பல்லுயிர்ப் பூங்காவாக வைத்திருக்கிறது. டிக்கெட் வாங்கி உள்ளே நுழைந்து பத்தடி வைத்ததுமே சாலை இரைச்சல் அடங்கிவிடுகிறது. இருபுறமும் மரங்கள், காலடியில் சருகு. மான்களிடமிருந்து மகளைப் பிரித்துக் கூட்டிப் போகத்தான் நேரமானது.

ஆனால் நான் இதை எழுதுவது மான்களுக்காக அல்ல. மரங்களுக்கு நடுவே கூரை போன ஒரு சிறு தேவாலயம் இருக்கிறது. பலர் அதுவரை போகாமலே திரும்பிவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். சிறைப்பட்டவரையே மன்னர் தம் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். இந்தக் கோட்டையைப் புதுப்பித்துக் கட்டியதும் அவர் மேற்பார்வையில்தான். கிட்டத்தட்ட முப்பத்தேழு ஆண்டுகள் திருவிதாங்கூருக்காக உழைத்து, 1777இல் இறந்தார்.

கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. லத்தீன் வாசகம் 'வழிப்போக்கனே, நில்' என்றுதான் தொடங்குகிறது. அதைச் சொன்னதும் மகள் உண்மையிலேயே நின்றுவிட்டாள். பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து, தமிழ்ப் பகுதியில் தனக்குத் தெரிந்த எழுத்து ஒவ்வொன்றையும் தேட ஆரம்பித்தாள். குழிந்த எழுத்துகளில் செம்மண் படிந்திருந்தது. கிடைத்த எழுத்தைச் சத்தமாகச் சொல்வாள். மாமியார் அதை அடுத்த எழுத்தோடு கூட்டிப் பார்ப்பார். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

பக்கத்திலேயே டிலனாயின் மகனின் கல்லறையும் இருக்கிறது. 1765இல் களக்காட்டில் நடந்த போரில் வாலிப வயதிலேயே இறந்தவர். அப்பாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே மகன். அதைக் கேட்டதும் என் மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

ஒன்று மட்டும் மனதை அறுத்தது. சுவரில் யாரோ ஆணியால் தங்கள் பெயரைக் கீறியிருக்கிறார்கள். தயவுசெய்து பிள்ளைகளிடம் போகும் முன்பே சொல்லி வையுங்கள்.

* * *

தக்கலைக்காரன் நான். இங்கே பெரியவர்கள் 'டிலனாய் கோட்டை' என்றுதான் சொல்வார்கள். சின்ன வயதில் பாட்டா என்னைக் கூட்டிப் போனபோது டிலனாயைவிட அதிகமாகச் சொன்னது தேவசகாயம் பிள்ளையைப் பற்றித்தான். அரண்மனை அலுவலராக இருந்த அவருக்குக் கிறிஸ்தவத்தை அறிமுகப்படுத்தியவர் டிலனாய். தேவசகாயம் 1745இல் ஞானஸ்நானம் பெற்று, 1752இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்த செய்தி வந்த அன்று பாட்டா இல்லையே என்று இருந்தது. புலியூர்க்குறிச்சியிலேயே முட்டிடிச்சான் பாறையும் இருக்கிறது. தாகத்தில் அவர் முழங்கையால் இடிக்க நீர் ஊறியது என்பது ஊர் நம்பிக்கை. கோட்டையைப் பார்த்துவிட்டு அங்கேயும் போங்கள்.

* * *

காலையில் கோட்டை, பிறகு பத்மநாபபுரம் அரண்மனை என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் பக்கம் பக்கம். திங்கள்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. தெரியாமல் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தோம். மழை பெய்த மறுநாள் கற்கள் வழுக்கும். சின்னவனுக்குப் பிடிமானமுள்ள செருப்பு போட்டுவிட்டது நல்லதாகப் போயிற்று. எழுத்துத் தேடுகிற யோசனை எங்களுக்குத் தோன்றவில்லை. பொங்கல் விடுமுறைக்கு மறுபடியும் அவனைக் கூட்டிப் போகிறேன்.