வேம்பும் மாமரமும் கூரைமேல் கவிகின்றன: எவ்வளவு கழிக்கலாம், தளத்திலும் ஓட்டிலும் என்ன செய்ய வேண்டும்?

மாடிவீடு:
வீட்டின் முன்பகுதி கான்கிரீட் தளம், பின்பகுதி ஓட்டுக் கூரை. மேற்குச் சுவரிலிருந்து சுமார் 3 மீட்டரில் முதிர்ந்த வேம்பு, பின்னால் மாமரம். மாமரத்துக் கிளை ஒன்று, தொடை கனம் இருக்கும், ஓட்டின்மேல் படிந்திருக்கிறது. காற்றடித்தால் உரசுகிற சத்தம் உள்ளே கேட்கிறது. தளத்தில் தண்ணீர் போக இரண்டு வாய் உண்டு. வேப்பிலை அடைத்துக்கொண்டு, மழை விட்ட பிறகும் மூலையில் தண்ணீர் நிற்கிறது. போதாததற்குக் கைப்பிடிச் சுவர் விரிசலில் விரல் கனத்தில் ஓர் அரசங்கன்று. மரங்களை எவ்வளவு கழிக்க வேண்டும்? தண்ணீர் வாய்க்குக் கொசுவலை கட்டினால் போதுமா? இல்லை, வேம்பை அடியோடு எடுத்துவிடுவதுதான் நல்லதா?

கிளைவெட்டு:
முதல்ல மாங்கிளை. அது ஓட்டுல உரசிட்டே இருந்தா ஓடு நகரும், விளிம்பு உடையும். கூரைக்கும் கிளை நுனிக்கும் நடுவுல 2 முதல் 3 மீட்டர் இடைவெளி வேணும். இந்த இடைவெளியை வெயில் நாள்ல பார்த்து முடிவு பண்ணாதீங்க. மழையில இலை நனைஞ்சு, காயும் பிடிச்சா அதே கிளை நல்லா கீழ இறங்கும். காத்துல ஆடுற தூரம் வேற.

தொடை கனக் கிளையை ஒரே வெட்டா மேலிருந்து வெட்டினா, பாதியிலயே முறிஞ்சு அடிமரத்துப் பட்டையை நீளமா உரிச்சுட்டு விழும். அதனால மூணு வெட்டு. கிளை அடியிலிருந்து 30 செ.மீ. தள்ளி, கீழ்ப்பக்கம் மூணுல ஒரு பங்கு ஆழம் முதல் வெட்டு. அதுக்கு வெளியே 3–5 செ.மீ. தள்ளி மேலிருந்து ரெண்டாவது. கனம் போனதும் மிச்சக் கட்டையை மூணாவது வெட்டுல எடுங்க. கிளை மரத்தோட சேருற இடத்துல வளையம் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும் பாருங்க, அதைத் தொடாம அதை ஒட்டி வெளியே வெட்டணும். மரம் காயத்தை மூடுறது அந்தப் புடைப்புலேர்ந்துதான். அடிமரத்தோட சமமா சீவினாலும் அழுகும், நீளமா கட்டை விட்டாலும் அழுகும். வெட்டின இடத்துல தார், பெயின்ட் எதுவும் பூச வேண்டாம். உள்ளே ஈரத்தைப் பூட்டி வைக்கும், அவ்வளவுதான்.

கூரைக்கு மேல இருக்கிற பகுதியை நுனியிலிருந்து ஒண்ணு, ஒன்றரை மீட்டர் துண்டுகளா எடுங்க. ஒவ்வொரு துண்டையும் மேல உள்ள உறுதியான கவட்டையில போட்ட கயித்துல கட்டி இறக்கணும். "ஓடு தாங்கும், விழட்டும்"னு சொல்ற ஆளை ஏத்தாதீங்க. மாம்பால் பட்டா தோல் வெந்து கொப்பளிக்கும், முழுக்கை சட்டையும் கையுறையும் கட்டாயம். கிளைக்கு 3 மீட்டருக்குள்ள மின்கம்பி போச்சுன்னா மின்வாரியத்துல சொல்லி லைனை நிறுத்தாம யாரும் ஏறக் கூடாது.

வேம்பைப் பொறுத்தவரை மொட்டை அடிக்கிற வேலை மட்டும் வேண்டாம். தலையை வெட்டின இடத்துலேர்ந்து கொத்தா துளிர் வரும். அது பழைய கிளை மாதிரி மரத்துக்குள்ள வேர்பிடிச்சு நிக்காது, மேல்பட்டையை ஒட்டித்தான் இருக்கும். ரெண்டு மூணு வருஷத்துல கனத்து, அடுத்த பெருங்காத்துல கூரைமேல விழுறது அதுதான். உயரத்தைக் குறைக்கணும்னா, வெட்டுற கிளையோட கனத்துல மூணுல ஒரு பங்காவது இருக்கிற பக்கக்கிளை வரைக்கும் பின்வாங்கி வெட்டுங்க. ஒரு வருஷத்துல பச்சையில கால்பங்குக்கு மேல எடுக்காதீங்க. வீட்டுப் பக்கம் மட்டும் வழிச்சு எடுத்தா மரம் எதிர்ப்பக்கம் பாரமாகிடும். பட்டுப்போன கிளைக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. காத்தே இல்லாத நாள்லயும் விழும், எல்லாத்தையும் எடுத்துடுங்க.

தளமட்டம்:
கிளை விழுந்தால் எல்லோரும் பார்க்கிறார்கள். தளத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தேங்கும் தண்ணீர்தான். 1 சதுர மீட்டரில் 1 செ.மீ. தண்ணீர் நின்றால் 10 கிலோ. 50 சதுர மீட்டர் தளத்தில் 5 செ.மீ. நின்றால் இரண்டரை டன். பாரம் ஒருபுறம் இருக்க, மயிரிழை விரிசல் வழியாக அந்த ஈரம் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி வரை போய்த் துரு பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்துக் கீழ்ப்பூச்சைத் தள்ளிவிடும். சீலிங்கில் காரை பெயர்ந்தபின் மேலே நீர்க்கசிவைத் தடுக்கும் கோட்டிங் அடித்துப் பயனில்லை.

கொசுவலை வேண்டவே வேண்டாம். ஒரு மழையில் பூவும் தூசியும் படிந்து துணிபோல மூடிக்கொள்ளும். தட்டையான கம்பி மூடியும் வேம்புக்கு ஒத்துவராது. அடைத்த மூடியை உற்றுப் பாருங்கள்: முதலில் ஈர்க்குகள்தான் கம்பிகளின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும், அந்தப் பின்னலின்மேல் சிற்றிலைகள் ஒட்டியிருக்கும். குமிழ் போல 10–15 செ.மீ. உயர்ந்து நிற்கும் கூண்டு மூடி போடுங்கள். அடியில் இலை சேர்ந்தாலும் பக்கவாட்டில் மேலே தண்ணீர் நுழைய வழி இருக்கும். கூண்டைத் தாண்டிப் போகும் சிற்றிலைகள் குழாயின் முதல் வளைவில் தங்கும். அங்கே சாதாரண வளைவுக்குப் பதில் திறந்து சுத்தம் செய்யக்கூடிய டோர் பெண்ட் வைத்தால் பாதி தொல்லை தீரும். குழாய் 4 அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

இரண்டு வாயும் ஒரே சமயத்தில் அடைக்கலாம் என்று வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். கைப்பிடிச் சுவரில் தண்ணீர் வாயின் மட்டத்திலிருந்து 5 செ.மீ. உயரத்தில் 4 அங்குல அவசர ஓட்டை ஒன்று விடுங்கள். அது மாடிப்படி அறையின் வாசற்படிக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் வீட்டுக்குள்தான் இறங்கும். அந்த ஓட்டையில் தண்ணீர் கொட்டுவது தரையில் நிற்பவருக்குத் தெரிகிற இடமாக இருந்தால், "மேலே அடைத்துவிட்டது" என்ற தகவலும் அதுவே.

மழை விட்டபின் மூலையில் நிற்கிறது என்றால் அடைப்பு மட்டும் காரணமாக இருக்காது. வாயைச் சுத்தம் செய்துவிட்டு ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அப்போதும் தேங்கினால் வாட்டம் போதவில்லை. 1 மீட்டருக்கு 1 செ.மீ. இறக்கம் வருமாறு மேற்பூச்சு போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்.

அரசங்கன்றைப் பிடுங்காதீர்கள். தண்டு கையோடு வரும், வேர் உள்ளே இருக்கும், முன்னைவிடக் கொழுத்து முளைக்கும். 5 செ.மீ. கட்டை விட்டு வெட்டி, சில நிமிடங்களுக்குள் கிளைபோசேட் களைக்கொல்லியை லேபிளில் உள்ள அளவில், வெட்டிய முகத்தில் மட்டும் தூரிகையால் தடவுங்கள். காய்ந்த முகம் மருந்தை உறிஞ்சாது. உப்பும் ஆசிடும் ஊற்றச் சொல்வார்கள்: உப்பு கம்பியைத் துருவேற்றும், ஆசிட் சிமென்ட்டைத் தின்னும். சில வாரங்களில் கட்டை நன்றாகக் காய்ந்து உடையும்போது விரிசலைக் கொத்தித் திறந்து, வேரை எடுத்து, தூசி கழுவி, பாலிமர் கலந்த சாந்தால் அடையுங்கள்.

மாடிவீடு:
கொசுவலையை விட்டுவிட்டேன், நன்றி. ஓட்டுப் பக்கம்? எது உடைந்திருக்கிறது என்று கீழிருந்து தெரியவில்லை. பாசியும் பிடித்திருக்கிறது.

ஓட்டுக்கூரை:
பகல் நேரத்தில் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். ஒளி வருகிற இடம் உடைசல் அல்லது நகர்ந்த ஓடு. ரீப்பரில் (ஓடு மாட்டியிருக்கும் குறுக்குச் சட்டத்தில்) கருத்த கறை இருந்தால் ஒழுக்கு அதற்கு மேட்டுப் பக்கத்தில் தேட வேண்டும். தண்ணீர் ரீப்பரோடு ஓடி வேறிடத்தில்தான் சொட்டும். சந்தேகப்பட்ட ஓட்டை விரல் முட்டியால் தட்டுங்கள். நல்ல ஓடு கணீரென்று கேட்கும், விரிசல் விட்டது மந்தமாகக் கேட்கும்.

மாற்றுவதற்கு முழு வரிசையையும் பிரிக்கத் தேவையில்லை. மேல் வரிசையில் அதை மூடியிருக்கும் இரண்டு ஓடுகளை மர ஆப்பு வைத்துத் தூக்கி, உடைந்ததைச் சாய்த்து உருவி, புதியதன் அடிக் கொக்கி ரீப்பரில் மாட்டும்வரை மேலே தள்ளிப் பின் இறக்குங்கள். ஏறுகிறவர் ஓட்டில் நேராகக் கால் வைக்காமல், கூரைமேல் கிடத்திய ஏணியிலோ பலகையிலோ நடப்பது நல்லது.

இரண்டு சரிவும் கூடுகிற கூடல்வாய் இருந்தால் அதுதான் முதலில் பார்க்க வேண்டிய இடம். அங்கே இலை தங்கினால் தண்ணீர் அணை கட்டியதுபோல் பக்கவாட்டில் ஏறி ஓட்டுக்கு அடியில் புகும். இருபுறமும் வெட்டிய ஓட்டு விளிம்புகளுக்கு நடுவே 10 செ.மீ.யாவது தகடு திறந்திருந்தால் இலை மழையோடு வழிந்துவிடும். சாந்து வைத்துக் குறுக்கியிருந்தால் கொத்தி அகலமாக்குங்கள்.

பாசியை வெயிலில் காயவிட்டு, மேலிருந்து கீழாக நைலான் பிரஷ்ஷால் தேய்த்தாலே உதிரும். பிரஷர் வாஷர் ஓட்டின் மேல்தோலை அரித்துவிடும், அடுத்த மழைக்குள் இன்னும் தடித்த பாசி வரும். முகட்டை ஒட்டிச் செம்புப் பட்டை பதித்தால் அதிலிருந்து வழியும் தண்ணீர் பாசியைத் தடுக்கும். ஆனால் இறவாரத்துப் பீலி (கூரை விளிம்பில் மழைத்தண்ணீரைப் பிடிக்கும் வாய்க்கால்) துத்தநாகப் பூச்சுத் தகடோ அலுமினியமோ என்றால் செம்பு வேண்டாம், அந்தத் தண்ணீர் பீலியை ஓட்டையாக்கிவிடும். துத்தநாகப் பட்டை போடுங்கள்.

கிளைவெட்டு:
வேம்பை அடியோடு எடுக்கிற கேள்விக்கு: அடிமரத்துல காளான், கவட்டையில பிளவு, வேர்ப்பக்கம் மண் மேலெழும்பியிருக்கு, திடீர்னு சாய்வு கூடியிருக்கு, இதுல ஒண்ணாவது இருந்தா தாமதிக்காம மரம் தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்க. எதுவும் இல்லைன்னா விட்டுடுங்க. களிமண் நிலமா இருந்தா இன்னொரு சிக்கலும் இருக்கு. முதிர்ந்த மரம் மண்ணுலேர்ந்து உறிஞ்சிட்டிருந்த ஈரம், மரம் போனதும் அங்கேயே நிக்கும். மண் உப்பி அஸ்திவாரத்தைத் தூக்கும். சுவர்ல விரிசல் வரும்.

வேலை வரிசையும் முக்கியம். பெருங்காத்து, மழைக் காலத்துக்கு முன்னாடி முதல்ல கிளை. அப்புறம் ஓடு. தளத்துல வாட்டம், கோட்டிங் எல்லாம் கடைசி. கோட்டிங் அடிச்ச பிறகு கிளை வெட்டினா, இழுக்குற ஒவ்வொரு துண்டும் அதைக் கீறிட்டுத்தான் போகும்.