மேனேஜரைத் தூக்கு என்று கத்துவதற்கு முன்: வைட் சாக்ஸ் ஆட்டங்களில் பார்த்தவை

புல்பென் ஜன்னல்:
சிகாகோ வைட் சாக்ஸ் பேஸ்பால் அணி 2024ல் 41 ஆட்டம் வென்று 121 தோற்றது. 1900க்குப் பிறகு மேஜர் லீக்கில் (அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால்) எந்த அணியும் ஒரே சீசனில் இத்தனை தோற்றதில்லை. கோபம் முதலில் விழுந்தது மேனேஜர் பெட்ரோ கிரிஃபோல் தலையில். முதல் 25 ஆட்டத்தில் 3 வெற்றி. பிறகு ஜூலை, ஆகஸ்டில் தொடர்ந்து 21 தோல்வி. ரசிகன் கத்தாமல் என்ன செய்வான்?

பேஸ்பாலுக்குப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரிக்கெட்டில் கேப்டன் மைதானத்தில் நின்று செய்யும் வேலையை இங்கே மேனேஜர் டக்அவுட்டில் இருந்தபடி செய்கிறார். யார் வீசுவது, எப்போது மாற்றுவது, பேட்டிங் வரிசை, யாரை வாக் கொடுத்து (அடிக்க விடாமலே முதல் பேஸுக்கு) அனுப்புவது எல்லாம் அவர் கையில். வீரர்களை வாங்குவதும் விற்பதும் ஜெனரல் மேனேஜர் வேலை. மேனேஜர் மேல் உங்களுக்கு உள்ள புகாரை, இந்த இரண்டையும் குழப்பாமல், எந்த ஆட்டம், எத்தனையாவது இன்னிங்ஸ், கவுன்ட் (அந்தப் பேட்டருக்கு எத்தனை பால், அதாவது எல்லைக்கு வெளியே போன பந்து, எத்தனை ஸ்டிரைக்) என்ன என்ற விவரத்தோடு இங்கே எழுதுங்கள். "அவனுக்கு ஒன்றும் தெரியாது" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

ஒன்பதாம் இன்னிங்ஸ்:
அப்படியென்றால் 2022 ஜூன் 9ல்தான் ஆரம்பிக்க வேண்டும். சிகாகோவில் டாட்ஜர்ஸுடன் ஆட்டம். அப்போது மேனேஜர் டோனி லா ரூசா. ஆறாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், டாட்ஜர்ஸ் 7-5 முன்னிலை. வீசுவது இடதுகை புதுமுகம் பென்னட் சூசா, பேட்டர் ட்ரே டர்னர். ஒரு பந்து கேட்சரைத் தாண்டி ஓடியதில் முதல் பேஸில் இருந்த ஃப்ரெடி ஃப்ரீமேன் இரண்டாவதுக்குப் போய்விட்டார். கவுன்ட் ஒரு பால், இரண்டு ஸ்டிரைக். அந்த இடத்தில் லா ரூசா விரலைக் காட்டி டர்னரை வேண்டுமென்றே முதல் பேஸுக்கு அனுப்பினார். அடுத்து வந்த மேக்ஸ் மன்சி அடித்தது மூன்று ரன் ஹோம் ரன். 10-5. கடைசியில் 11-9 தோல்வி. தோற்ற வித்தியாசத்தைப் பாருங்கள், அந்த மூன்று ரன் எங்கே நிற்கிறது என்று தெரியும்.

இடதுகை ரிலீவர்:
இதில் லா ரூசா பக்கத்துக் கணக்கையும் சொல்லியாக வேண்டும். டர்னர் வலதுகை, சூசா இடதுகை. இடதுகைப் பிட்சரின் பந்து வலதுகைப் பேட்டருக்கு நன்றாகத் தெரியும். மன்சி இடதுகை, அந்தச் சமயம் பேட்டிங் சராசரி .200க்கும் கீழே, அதாவது பத்து முறை ஆடினால் இரண்டு ஹிட் கூட இல்லை. முதல் பேஸ் காலி. கவுன்ட் 0-0 ஆக இருந்திருந்தால் இந்த வாக்கைப் பாதிப் பேர் ஒப்புக்கொள்வார்கள்.

இரண்டு ஸ்டிரைக் விழுந்ததும் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. இரண்டு ஸ்டிரைக்கில் லீக் சராசரி .170 பக்கம்தான் இருக்கும். எவ்வளவு நல்ல பேட்டரும் அந்த நிலையில் பந்தைத் தொட்டால் போதும் என்ற நிலைக்கு இறங்கிவிடுவார். இன்னும் ஒரே ஒரு ஸ்டிரைக் போட்டால் மூன்றாவது ஸ்டிரைக், மூன்றாவது அவுட், இன்னிங்ஸ் முடிந்தது. அதை விட்டுவிட்டு, இன்னொரு ரன்னரை ஏற்றி, அடுத்த பேட்டருக்குப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டாமல் செய்வது. பழைய கணக்கைப் புதிய நிலைமையில் போட்டதுதான் தவறு. அதே ஜூனில் கேலரியில் "ஃபயர் டோனி" கோஷம் எழுந்ததில் நியாயம் இருந்தது.

தெற்குச் சிகாகோ:
அதற்கு முந்தைய வருஷமே அறிகுறி தெரிந்தது. 2021 மே 5, சின்சினாட்டி. பத்தாவது இன்னிங்ஸ், 0-0. கூடுதல் இன்னிங்ஸில் இரண்டாவது பேஸில் ஒரு ரன்னரை வைத்துத் தொடங்குவார்கள். அந்த இன்னிங்ஸில் முதலில் ஆடப்போகும் பேட்டருக்கு வரிசையில் முந்தைய ஆள்தான் அங்கே நிற்க வேண்டும். அன்று அது பிட்சர் லியம் ஹென்ட்ரிக்ஸின் இடம். பிட்சராக இருந்தால் அவருக்கு முந்தைய பேட்டரை நிறுத்தலாம் என்று விதியில் விலக்கு இருக்கிறது. அன்று அது ஹோசே அப்ரேயு. லா ரூசாவுக்கு அந்த விலக்கு தெரியவில்லை. ஆட்டத்தை முடித்துக் கொடுக்க வேண்டிய பிட்சர் பேஸில் ஓடத் தயாராக நின்றார். 1-0 தோல்வி. ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கும் மனிதர், பத்து வருஷ இடைவெளிக்குப் பின் திரும்பி வந்தவர். இடையில் விதிகள் மாறிவிட்டன. விதிப் புத்தகம் வீரர் தேர்வு மாதிரி வேறு யார் தலையிலும் போடக்கூடிய விஷயம் இல்லை.

புல்பென் ஜன்னல்:
நல்ல உதாரணம். இருந்தாலும் 2021ல் அதே அணி 93 வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. அடுத்த வருஷம் 81 வெற்றி, 81 தோல்வி.

ஸ்கோர்புக்:
டிவியில் தெரியாத தவறு ஒன்று உண்டு. அதுதான் நீண்ட சீசனில் அணியை அரிக்கிறது. ரிலீவரை (ஆட்டத்தின் நடுவே மாற்றாக இறங்கும் பிட்சர்) எழுப்பி, வீச வைத்து, இறக்காமல் உட்கார வைப்பது. புல்பென்னில் (ரிலீவர்கள் வீசிப் பழகும் இடம்) தயாராக ஒருவருக்கு ஏறத்தாழ 20 பந்து வேண்டும். ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை எழுப்பினால் 40 பந்து. ஸ்கோர்கார்டில் அவர் பெயரே இருக்காது. மறுநாள் காகிதத்தில் "ஓய்வில் இருந்தவர்" என்று இறக்குவார்கள். கை ஓய்வில் இல்லை. மூன்றாம் நாள் வேகம் குறையும், ஸ்லைடர் (பக்கவாட்டில் வளைய வேண்டிய பந்து) திரும்பாமல் நேராக நடுவில் வந்து நிற்கும், ரசிகர்கள் பிட்சரைத் திட்டுவார்கள். மைதானத்துக்குப் போகிறவர்கள் பேட்டரை மட்டும் பார்க்காமல் புல்பென் பக்கமும் ஒரு கண் வையுங்கள்.

2020 முதல் இன்னொரு சிக்கல். இறங்கிய ரிலீவர் குறைந்தது மூன்று பேட்டருக்கு வீச வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும். காயமோ உடல்நலக் குறைவோ என்றால் மட்டும் விலக்கு. ஆகவே "அந்த ஒரு இடதுகை பேட்டருக்கு மட்டும் இவரைப் போட்டிருக்கலாமே" என்ற பழைய திட்டு இப்போது செல்லாது. அடுத்த மூன்று பெயரையும் பார்த்துத்தான் பேச வேண்டும்.

பேட்டிங் வரிசைக்காகச் சிந்தும் ஆத்திரமும் பெரும்பாலும் வீண். ஒருவரை ஒரு இடம் கீழே இறக்கினால் 162 ஆட்டத்தில் அவருக்கு ஏறத்தாழ 18 முறை பேட்டிங் குறையும். அவ்வளவுதான்.

ஒன்பதாம் இன்னிங்ஸ்:
மேனேஜர் மேல் போடக்கூடாத ஒன்று: 2024 மே 23, ஓரியோல்ஸுடன் சொந்த மைதானத்தில். ஒன்பதாவது இன்னிங்ஸ், 8-6 பின்தங்கல், முதல் இரண்டு பேஸிலும் ரன்னர்கள், ஒரு அவுட். ஆண்ட்ரூ பெனின்டெண்டி உயரத் தூக்கிய பந்தை ஷார்ட்ஸ்டாப் கன்னர் ஹெண்டர்சன் பிடித்தும்விட்டார். ஆனால் இரண்டாவது பேஸ் ரன்னர் ஆண்ட்ரூ வான் ஃபீல்டரின் பாதையில் குறுக்கிட்டார் என்று நடுவர் அவரையும் அவுட் கொடுக்க, ஆட்டம் அங்கேயே முடிந்தது. ரீப்ளேக்கு அனுப்ப முடியாத முடிவு. அதற்கும் கிரிஃபோலைத் திட்டியவர்கள் உண்டு.

தெற்குச் சிகாகோ:
கிரிஃபோல் விஷயத்தில் ஒன்று. 21 தோல்வித் தொடர் ஆகஸ்ட் 6ல் ஓக்லண்டில் 5-1 வெற்றியோடு முடிந்தது. ஆகஸ்ட் 8ல் அவரை நீக்கினார்கள், 28 வெற்றி, 89 தோல்வி. இடைக்கால மேனேஜர் கிரேடி சைஸ்மோர் மீதி 45 ஆட்டத்தில் 13 வென்றார். விகிதம் ஏறியது என்னவோ உண்மை, 24 சதவீதத்திலிருந்து 29. ஒரு மோசமான அணி இன்னொரு மோசமான அணியானது. டிலன் சீஸை மார்ச்சிலேயே சான் டியேகோவுக்கு விற்றாயிற்று. எரிக் ஃபெட்டி, மைக்கேல் கோபெக், டாமி ஃபாம் மூவரும் ஜூலை இறுதியில் போனார்கள். எஞ்சியதை வைத்து யார் வந்தாலும் என்ன செய்வார்?

புல்பென் ஜன்னல்:
இதற்கு 1988 ஓரியோல்ஸைவிட நல்ல சாட்சி கிடையாது. முதல் ஆறு ஆட்டம் தோற்றதும் கேல் ரிப்கன் சீனியரை நீக்கினார்கள். அவருடைய இரண்டு மகன்கள் அதே அணியில் ஆடிக்கொண்டிருந்த நேரம். வந்தவர் ஃபிராங்க் ராபின்சன், அவரும் அடுத்த 15 ஆட்டம் வரிசையாகத் தோற்றார். 0-21. ஏப்ரல் 29ல் முதல் வெற்றி 9-0, அதுவும் இதே வைட் சாக்ஸ் மேல்! சீசன் முடிவில் 54-107. வீரர்களைப் பெரிய அளவில் மாற்றிய பிறகு 1989ல் அதே ராபின்சன் 87 வென்று அமெரிக்கன் லீக்கின் சிறந்த மேனேஜர் விருது வாங்கினார். மனிதர் ஒருவர்தான்.

120 தோற்ற 1962 மெட்ஸின் மேனேஜர் கேசி ஸ்டெங்கல். அதற்கு முன் யாங்கீஸுடன் ஏழு உலக சீரிஸ் வென்றவர்.

இடதுகை ரிலீவர்:
சிகாகோ ரசிகர்களுக்கும் அது புரிந்தது. 2024 செப்டம்பர் 24, ஏஞ்சல்ஸுடன் ஆட்டம். 120 தோல்வி ஆகிவிட்டது, இன்னும் ஒன்று போனால் சாதனை. எட்டாவது இன்னிங்ஸில் மூன்று ரன் அடித்து 3-2 வென்றார்கள். அணி ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே கேலரி "அணியை விற்றுவிடு" என்று உரிமையாளர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃபை நோக்கிக் கத்தியது. லா ரூசாவைத் திரும்பக் கூட்டி வந்தது அவர் விருப்பம்தானே.

ஸ்கோர்புக்:
ஆட்டம் பார்க்கும்போது செய்ய ஒரு வழி. ஏழாவது இன்னிங்ஸ் முதல் ஒவ்வொரு பிட்சர் மாற்றத்துக்கும், அடுத்த பந்து வீசப்படும் முன், நான்கு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை வீசியவரின் பந்து எண்ணிக்கை, அடுத்த மூன்று பேட்டரும் எந்தக் கை, புல்பென்னில் யார் எழுந்திருக்கிறார், அவர் நேற்றும் முந்தாநாளும் வீசினாரா. பக்கத்தில் "நானாக இருந்தால்" என்று ஒரு பெயர். முடிவு தெரிந்த பிறகு அந்தப் பெயரை மாற்றக்கூடாது, அதற்குத்தான் பென்சில் வேண்டாம், பேனா. பத்து ஆட்டம் இப்படி எழுதினால், மேனேஜர் எடுத்த முடிவில் எத்தனை உங்கள் முடிவோடு ஒத்துப்போகிறது என்று தெரியும். ஒத்துப்போகாத இடங்களை எடுத்து இங்கே போடுங்கள், இன்னிங்ஸும் கவுன்ட்டும் சேர்த்து.